மூன்றாம் வகுப்பில் 44 சதவீதம்: பள்ளி சரிந்துவிட்டதா?

கேள்வி: குளச்சல் பக்கத்தில் உள்ள ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 74 பிள்ளைகள், தலைமை ஆசிரியையோடு மூன்று டீச்சர்கள். பாதிப் பேர் கடற்கரை வீட்டுப் பிள்ளைகள். அண்டி ஆபீசுக்கும் (முந்திரி ஆலை) கூலி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. இரண்டு வருஷமாக, ஹாலோ பிளாக் கம்பெனியிலும் கட்டிட வேலையிலும் இருக்கிற வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். போன மாதம் நடந்த வாசிப்புச் சோதனையில் மூன்றாம் வகுப்பின் 16 பேரில் 7 பேர்தான் பத்தி வாசித்தார்கள். போன வருஷம் 15 பேரில் 11 பேர். யாரோ இதை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட, '73 சதவீதம் 44 ஆகிவிட்டது, எழுத்தறிவில் முதலிடத்தில் இருக்கிற மாவட்டத்தில் இப்படி ஒரு பள்ளியா' என்று பேச்சு. இரண்டு குடும்பங்கள் டிசி வாங்கிவிட்டன. தலைமை ஆசிரியையைக் கேட்டால், 'வருகிற பிள்ளைகள் அப்படி' என்கிறார். டீச்சரின் நோட்டுப் பக்கத்தைப் பெயர் மறைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். நான் என்ன பேச வேண்டும்? என் மகளை வேறு பள்ளிக்கு மாற்றலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மகளை இப்போது மாற்ற வேண்டாம். பள்ளி சரிந்துவிட்டது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத் தலைமை ஆசிரியை சொன்னதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஊர் சொல்வதும் தவறு, அவர் சொல்வதும் பாதிதான் சரி. இரண்டுக்கும் விடை நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

16 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் பங்கு 6 சதவீதத்துக்கும் மேல். சோதனை நாளில் பயந்து வாயடைத்துப் போன இரண்டு பிள்ளைகள் வாசித்திருந்தால் 44 என்பது 56 ஆகியிருக்கும். ஊர் அப்போது என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவு சின்ன வகுப்புக்குச் சதவீதம் போடுவதே ஏமாற்றும். '16 பேரில் 7 பேர்' என்று ஆள் எண்ணிச் சொல்வதுதான் நேர்மை. இதை வெள்ளிக்கிழமை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடுத்து, போன வருஷத்து மூன்றாம் வகுப்பும் இந்த வருஷத்து மூன்றாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். உங்கள் நோட்டில் 'சேர்ந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வைத்து இரண்டு வகுப்பையும் பிரித்துப் பார்த்தேன். போன வருஷத்து 15 பேரில் 13 பேர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்தவர்கள், அவர்களில் 9 பேர் வாசித்தார்கள். மற்ற இருவரும் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், இருவருமே வாசித்தார்கள். இந்த வருஷத்து 16 பேரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பவர்கள் 9 பேர்தான், அவர்களில் 6 பேர் வாசிக்கிறார்கள். மீதி 7 பேர் கடந்த ஒரு வருஷத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வாசிக்கிறார்.

ஆக, இந்தப் பள்ளி தொடக்கத்திலிருந்து வளர்த்த பிள்ளைகளில் போன வருஷம் 13க்கு 9, இந்த வருஷம் 9க்கு 6. இரண்டும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் நிற்கின்றன. பள்ளியின் வேலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தான் மாறியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியை சொன்னது இந்த அளவுக்குச் சரி.

அவர் சொல்லாமல் விட்டது இதற்குப் பிறகு வருகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பெஞ்சில் இருந்தும் வாசிக்க முடியாத மூன்று பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் யார்? குடும்பப் பின்னணி ஒரு பிள்ளை எங்கே தொடங்குகிறது என்பதை விளக்கும். இரண்டரை வருஷம் கழித்தும் அதே இடத்தில் ஏன் நிற்கிறது என்பதைப் பள்ளிதான் விளக்க வேண்டும். குழுவின் கவனம் முழுவதும் முதலில் இந்த மூவர் மேல் இருக்கட்டும்.

அந்த மூவரில் இருவருக்கு உங்கள் நோட்டின் வருகைக் கட்டமே பேசுகிறது. ஜூன், ஜூலையில் பாதி நாள் இல்லை, ஆகஸ்ட் முதல் ஒழுங்காக வந்திருக்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் இதில் வரும். சின்னமுட்டத்துக்கு மட்டும் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவார். இதே வாரங்களில்தான் பள்ளியில் போன வருஷத்து எழுத்துகளைத் திருப்பிப் பார்த்து அடித்தளம் போடுகிறார்கள். தவறவிட்ட பிள்ளை ஆகஸ்டில் வந்து உட்காரும்போது வகுப்பு வேறு இடத்தில் நிற்கும். மூன்று வருஷமும் இதே கதை என்றால் அந்தப் பிள்ளை ஒரு முறைகூட அடித்தளத்தைப் பார்த்ததே இல்லை. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. எனவே 'கடற்கரைப் பிள்ளைகள்' என்று மொத்தமாகச் சொல்லாமல் எந்த வீடு எந்தத் தொழில் என்று பாருங்கள்.

ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் அளவு வருஷத்துக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம். பத்துக்கு ஒரு நாள் தவறினாலே 20 நாள் போகும். வருகைப் பதிவேட்டில் மாத மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கிழமை, எந்த வாரம் என்று விரல் வைத்துப் பாருங்கள். திங்கள்தோறும் இல்லாத பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும், ஐப்பசி மழையில் மட்டும் காணாமல் போகிற பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கும். நாள் தவறாமல் வந்தாலும் தினமும் பத்தரை மணிக்கு வருகிற பிள்ளை பதிவேட்டில் முழு வருகைதான், ஆனால் வாசிப்பு வகுப்பே அதற்குக் கிடைப்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. தட்டு எண்ணிக்கையைப் பெயரோடு ஒரு வாரம் குறித்தால், நேரத்துக்கு வராதவர் யார் என்பது தனியே விசாரிக்காமலே தெரிந்துவிடும்.

மூன்றாவது பிள்ளைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 98 வேலைநாளில் 95 நாள் வந்திருக்கிறது. பேச்சு மொழி தமிழ். நோட்டில் டீச்சரின் குறிப்பு 'அமைதி' என்ற ஒரே சொல். எந்தப் பின்னணியையும் காரணமாகக் காட்ட முடியாத பிள்ளை இது. முதலில் கண்ணும் காதும் பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் இருந்து கரும்பலகையில் எழுதியதை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவான குரலில் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். காதில் சீழ் வடிகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நம் பகுதியில் அதை 'தானே சரியாகும்' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறை வரும் மருத்துவக் குழு வந்து போனதா, இந்தப் பிள்ளையைப் பார்த்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கண், காது இரண்டும் சரி, ஆனாலும் எழுத்துகள் குழம்புகின்றன என்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்க்கக் குழுவின் தீர்மானத்தோடு கடிதம் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் நிற்காது.

இனி சோதனையைப் பற்றி. 'வாசிக்கவில்லை' என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதுதான் நோட்டின் பெரிய குறை. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்லிக்கொடுப்பது? வராண்டாவில் ஒரு மூலையில் ஒவ்வொரு பிள்ளையாக, மற்றவர் காதில் விழாதபடி வைத்துச் செய்யுங்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம், 16 பேருக்கு மூன்று மதியம் போதும். வகுப்பு டீச்சர் கூட இருக்கட்டும், ஆனால் கேட்பவர் இன்னொரு டீச்சராகவோ படித்த ஒரு தாயாகவோ இருக்கட்டும். பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தில் விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு வாய் அடுத்த வரியைச் சொல்வதை நீங்களே பார்க்கலாம். புதிய பத்தியை முதலில் கொடுங்கள். தடுமாறினால் ஐந்து சொல். ஐந்தில் நான்கு வராவிட்டால் எழுத்து. நாடு முழுக்க வீடு வீடாக நடக்கும் அசர் ஆய்விலும் இதுபோல எழுத்து, சொல், பத்தி என்று படிப்படியாகத்தான் பார்க்கிறார்கள்.

எழுத்தில் எங்கே உடைகிறது என்பதை உற்றுக் கவனியுங்கள். 'கொடி' என்பதைப் பிள்ளை 'கெடி' என்று வாசித்தால் அதற்கு எழுத்தே தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். கொம்பைப் பார்க்கிறது, பின்னால் வரும் காலைப் பார்க்கவில்லை. முன்னால் எழுதுவதைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்பதே ஒரு சின்னப் பிள்ளைக்குப் பெரிய சங்கதி. கு, சு, து, மு நான்கிலும் உகரம் ஒன்றுதான், வடிவம் நான்கு விதம். அகர வரிசையும் ஆகார வரிசையும் தடங்கல் இல்லாமல் வாசித்த பிள்ளை உகர வரிசையில் நின்றுபோவது இதனால்தான். அங்கே நிற்கிற பிள்ளைக்கு மறுபடி 'அ, ஆ'விலிருந்து தொடங்கினால் இரண்டு மாதம் வீணாகும். எந்த வரிசையில் உடைந்ததோ அந்த வரிசைச் சொற்கள் தினம் ஐந்து, பத்து நாளைக்கு. அவ்வளவுதான் மருந்து.

பொருள் புரிகிறதா என்று கேட்கும்போது நம் ஊர்ப் பேச்சையும் மனதில் வையுங்கள். வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கு 'வெள்ளம்' என்று சொல்லும் பிள்ளை, 'ஊருக்குள் வெள்ளம் வந்தது' என்று வாசித்துவிட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததாகச் சொன்னால் அது வாசிப்புக் குறை இல்லை. மரவள்ளிக் கிழங்குப் படத்தைக் காட்டினால் 'மரச்சீனி' என்பதும், பலாவைச் 'சக்கை' என்பதும் சரியான விடைகள். அவற்றுக்குத் தப்பு போட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் 'அமைதி' என்று நோட்டில் எழுதுவோம்.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 53இல் 28 போக எவ்வளவு? விடை 25. பல பிள்ளைகள் 35 என்பார்கள். மூன்றிலிருந்து எட்டு போகாது என்று கண்டதும் எட்டிலிருந்து மூன்றைக் கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கழிக்கத் தெரியும், பத்து என்பது ஒரு கட்டு என்பதுதான் தெரியவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, தனியாக மூன்று குச்சி கொடுங்கள். 28 எடுத்துக் கொடு என்று கேளுங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் முடியும் என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். ஒரு வாரம் கையால் செய்த பிறகு நோட்டில் எழுதட்டும்.

புதிதாக வந்த ஏழு பேருக்கு வருகிறேன். அவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. நோட்டின்படி மூவர் வெளிமாநிலக் குடும்பம், இருவர் அப்பா கொச்சியில் படகில் இருந்ததால் அங்கே மலையாளத்தில் படித்து வந்தவர்கள், ஒருவர் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து, இன்னொருவர் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து. இந்தக் கடைசிப் பிள்ளைதான் வாசிக்கிறது. கொச்சியிலிருந்து வந்த இருவரும் மலையாளம் வாசிக்கிறார்களா என்று யாராவது பார்த்தார்களா? நம் மாவட்டத்தில் மலையாளம் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. ஒரு மலையாளப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். அதில் நன்றாக வாசித்தால் அவர்கள் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், தமிழ் எழுத்து மட்டும்தான் பாக்கி. பேச்சும் பாதி தெரியும் என்பதால் இரண்டு, மூன்று மாதத்தில் ஓடிவந்துவிடுவார்கள். வாசிக்கத் தெரியாதவர் பட்டியலில் அவர்களைச் சேர்த்தது அநியாயம்.

இந்திக்கும் மலையாளத்துக்கும் பழகிய பிள்ளைக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த மொழிகளில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. நமக்கு 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு 'ப', இரண்டுக்கும் ஒலி வேறு. 'கடல்' என்பதன் ககரம் வேறு, 'தங்கம்' என்பதன் ககரம் வேறு. நாம் யோசிக்காமலே மாற்றிச் சொல்கிறோம், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களுக்கு இது பிடிபடாது. சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, மெல்லெழுத்துக்கு அடுத்து மென்மை என்று சொற்களைச் சோடியாக வைத்து வாயால் சொல்லப் பழக்கினால் போதும், விதி சொல்ல வேண்டாம். முதல் ஆறு வாரம் எழுத்தை விடப் பேச்சு முக்கியம்: தினம் பத்துச் சொல், பொருளைத் தொட்டுக் காட்டி. வாய் நிறையப் பேசுகிற ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இந்தப் பிள்ளைகளை 'தமிழ் தெரியாது' என்று ஒன்றாம் வகுப்பில் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான தனிப் பயிற்சி தர வேண்டும் என்பதுதான் சட்டம். பிறப்புச் சான்றோ டிசியோ இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. ஊருக்குப் போய் ஒரு மாதம் திரும்பாவிட்டால் அவசரப்பட்டுப் பெயரை அடிக்காதீர்கள். அப்பாவின் போன் எண்ணோடு, வேலை எடுத்துக் கொடுத்தவரின் எண்ணையும் சேர்க்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள். டிசி போட்ட பிள்ளையின் விவரம் எமிஸ் தளத்தில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், பொதுத் தொகுப்புக்குப் போகும், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தப் பள்ளியும் எடுக்காமல் அங்கேயே கிடந்தால் பிள்ளை எங்கும் படிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் பள்ளியில் டிசி வாங்கிய இருவரும் உண்மையிலேயே வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்களா என்பதையும் அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையை எப்படிப் பங்கிடுவது? அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அதில் பிள்ளைகளைக் கற்றல் அளவின்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலையும் (அரும்புதான் தொடக்க நிலை) உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று டீச்சர் ஐந்து வகுப்பு பார்க்கும் பள்ளியில் இந்த நிலைகள் நோட்டில் மட்டும் இருந்து நடைமுறையில் எல்லாரும் ஒன்றாக உட்காருவது சாதாரணம். காலை முதல் ஒரு மணி நேரம் மட்டுமாவது மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து இரண்டு குழுவாக உட்காரவைக்கக் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பு ஒரு டீச்சரிடம் இருக்கட்டும். இதில் எல்லாரும் செய்யும் தவறு, கீழ்நிலைக் குழுவைத் தன்னார்வலரிடமோ புதிய டீச்சரிடமோ கொடுப்பது. பள்ளியில் நன்றாக எழுத்துக் கற்பிக்கிறவர் யாரோ அவர்தான் அந்தக் குழுவை எடுக்க வேண்டும், அதில் 12 பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. சரளமாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு நூலகப் புத்தகமும் ஒரு பெரியவரின் மேற்பார்வையும் போதும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை குழுவை மாற்றிப் போடுங்கள். மாற்றாமல் விட்டால் 'அரும்புப் பிள்ளை' என்பது பட்டப்பெயராகிவிடும்.

குரூப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவைச் சொல்லியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டில் முதலிடம் என்பது உண்மை. 1817லேயே கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்ட திருவிதாங்கூரின் பகுதி இது, பெருமைப்படலாம். ஆனால் அந்த 91.75 என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரையும் பற்றி வீட்டில் கேட்டு எழுதியது. யார் கையிலும் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. 2021 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் நடந்த தேசிய அளவிலான சோதனைகளோ மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் எடுத்தவை, அவை மாவட்டத்தைப் பற்றிப் பேசும். உங்கள் மூன்றாம் வகுப்பைப் பற்றி இந்த இரண்டில் எதுவும் ஒன்றும் சொல்லாது.

தனியார் பள்ளியோடு ஒப்பிடுகிறவர்களிடம் சண்டை வேண்டாம். இதே தாளை அங்கே படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், அம்மா சம்மதித்தால், கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று சொல்லும் பிள்ளை புதிய தமிழ்ப் பத்தியில் நிற்கவும் செய்யலாம், நன்றாக வாசிக்கவும் செய்யலாம். எதுவானாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஆண்டு நடுவில் கொச்சியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வருகிற பிள்ளையை அந்தப் பள்ளி சேர்ப்பதில்லை, உங்கள் பள்ளி சேர்க்கிறது.

டிசி விஷயத்தில் ஊருக்கு ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர். பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. 74 என்பது 60க்கு வந்தால் மூன்றாவது டீச்சர் உபரி ஆகி வேறு பள்ளிக்குப் போவார். மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு அன்றுதான் பள்ளி உண்மையிலேயே சரியும். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவர்கள் எத்தனை, அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு வரக்கூடியவர்கள் எத்தனை என்று இப்போதே எண்ணிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். தலைமை ஆசிரியையிடம் ஒரு நாள் முன்னதாகவே இந்தப் பிரிப்பைக் காட்டிவிடுங்கள். அவர் சொன்னதில் சரியான பாதியை நீங்களே கூட்டத்தில் சொன்னால், மற்றப் பாதியைப் பற்றிப் பேச அவரும் ஒத்துக்கொள்வார். தீர்மானப் பதிவேட்டில் மூன்றே விஷயம் ஏறினால் போதும்: 16 பேருக்கும் படிப்படியான சோதனை இன்ன தேதிக்குள், காலை ஒரு மணி நேரம் நிலைவாரிக் குழு, அந்த மூன்றாவது பிள்ளைக்குக் கண், காது பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு யார் என்று பெயர் எழுதுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பொறுப்பில் பாதியைப் பெற்றோரே எடுக்க வேண்டும். தடைக்கால வாரங்களில் கடற்கரைத் தெருவுக்குப் போய் வீட்டில் நிற்கிற பிள்ளைகளைக் கூட்டி வருவதை டீச்சரால் செய்ய முடியாது, அதே தெருவில் இருக்கிற குழு உறுப்பினரால் முடியும். அடுத்த ஜூன் 1க்கு முன்பே அதற்கு இருவரை முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளின் பெயரோ சாதியோ வீட்டு விவரமோ எந்தக் குரூப்புக்கும் போகக் கூடாது. நோட்டுப் படம் பெயர் மறைத்து அனுப்பினீர்கள், நல்லது. ஊருக்குச் சொல்லும்போது எண்ணிக்கை மட்டும்: 'நவம்பரில் எழுத்து நிலையில் இத்தனை பேர், பிப்ரவரியில் அவர்களில் ஒரு படியாவது ஏறியவர்கள் இத்தனை பேர்.' ஒரே பிள்ளைகளை இரண்டு முறை பார்த்துச் சொல்கிற இந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு. நடுவில் வந்தவர்களைத் தனி வரியில் எழுதுங்கள், கழித்துவிடாதீர்கள்.

உங்கள் மகள் வாசிக்கிற ஏழு பேரில் ஒருத்தி. அவளுக்குக் கேள்வி வேறு: வகுப்பு மற்றவர்களுக்காக நிற்கும்போது அவள் என்ன செய்கிறாள்? வாரம் ஒரு புதிய புத்தகம் வீட்டுக்கு வருகிறதா, படித்ததைப் பற்றி மூன்று வரி சொந்தமாக எழுதுகிறாளா என்று பாருங்கள். பிப்ரவரிக்குள் தீர்மானங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை, வாசிக்காத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இன்னமும் 'வருகிற பிள்ளைகள் அப்படி' என்றே பதில் வருகிறது என்றால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள், தப்பில்லை.

சோதனைக்கு ஒரு தாளையும் இத்துடன் தருகிறேன். பெரிய எழுத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்து: கெ, தூ, ன, கோ, மு, ழ, கே, து, கொ, ண.

சொல்: கொடி, மூடி, கூடை, பம்பரம், தேங்காய்.

பத்தி: மாலா காலையில் எழுந்தாள். வெளியே மழை பெய்தது. அவள் குடையைத் தேடினாள். குடை கிடைக்கவில்லை. பாட்டி ஒரு பெரிய வாழை இலையைக் கொடுத்தாள். மாலா அதைத் தலைக்கு மேல் பிடித்தாள். பள்ளிக்கு ஓடினாள். பை நனைந்தது. தலை நனையவில்லை.

வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி. பாட்டி என்ன கொடுத்தாள்? தலை ஏன் நனையவில்லை? முதல் கேள்விக்கு விடை பத்தியில் அப்படியே இருக்கிறது. இரண்டாவதைப் பிள்ளை தானாக யோசித்துச் சொல்ல வேண்டும், அதற்கு அரை நிமிஷமாவது பொறுமையாகக் காத்திருங்கள்.